கொல்லைக்கு வந்த நீலத் தீ

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். குப்பை லாரி வருவதற்கு முன்பே, விடிந்தும் விடியாமலும், பழைய இரும்பு எடுப்பவரின் பிக்கப் வண்டி மெதுவாக ஊர்ந்து வரும். ஒரு வாரம் அவரை நிறுத்தி எங்கள் கேஸ் கிரில்லைக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார். "அடுத்த வாரம் வாசலில் வையுங்கள், எடுத்துக்கொள்கிறேன். சிலிண்டர் மட்டும் கூடாது" என்றார்.

அந்த ஒரு வாரமும் மாலையில் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்து அதைக் கழற்றினேன். அப்படியே கொடுத்திருக்கலாம், அவருக்கு வேண்டியது இரும்புதான். ஆனால் பன்னிரண்டு கோடைகள் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த அடுப்பை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை. கழற்றக் கழற்ற ஒன்று தெரிந்தது. இதில் அழகுக்கென்று வைத்தது மிகக் குறைவு. மூடி, கோணத் தகடு, கம்பி வலை, முக்கோணப் பிடி, கேஸின் அந்தக் கெட்ட வாடைகூட, யாரோ எங்கோ பட்ட பாட்டிலிருந்து வந்ததுதான்.

முதலில் கையில் வந்தது மூடி. எனாமல் பூசிய கனத்த மூடி, நடுவில் வெப்பமானி. இந்த மூடியின் கதை நாங்கள் குடியிருக்கும் சிகாகோ புறநகர்ப் பகுதியிலேயே தொடங்குகிறது. 1950களில் இங்கே வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்களுக்குக் கொல்லைப்புறம் கிடைத்தது; கொல்லைப்புறம் கிடைத்ததும் கரி அடுப்பு வந்தது. அன்றைய கரி அடுப்பு திறந்த தொட்டி. காற்றடித்தால் சாம்பல் இறைச்சியில் விழும். தூறினால் நெருப்பு அணையும். மவுண்ட் பிராஸ்பெக்ட் என்ற ஊரில் குடியிருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன், சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்தார். மிச்சிகன் ஏரியில் மிதக்கும் மிதவைகளுக்கான அரைக்கோளங்களை அந்தப் பட்டறை செய்தது. 1952ல் அவர் அப்படி ஒரு மிதவையின் கீழ்ப்பாதியைக் கரிச் சட்டியாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கி, மூன்று கால் வைத்து, காற்றுக்குத் துளையும் போட்டார். காற்றையும் மழையையும் தடுக்கத்தான் மூடி போட்டார். ஆனால் மூடி விழுந்ததும் அது வெறும் அடுப்பாக இருக்கவில்லை. சூடு மேலே போய்க் கவிழ்ந்து திரும்பி, இறைச்சியைச் சுற்றிலும் வேக வைத்தது. பின்னால் வந்த கேஸ் கிரில்களின் கவிழ்ந்த மூடி செய்வதும் அதே வேலைதான்.

கரியிலிருந்து கேஸுக்கு வந்தது வேறு ஒரு பாதை. அதன் தொடக்கம் சமையலறையில் இல்லை, ஒரு மோட்டார் காரில் இருக்கிறது. 1910ல் பிட்ஸ்பர்க்கில் ஒரு ஃபோர்டு கார்க்காரர் புகார் செய்தார்: வாங்கும் பெட்ரோலில் பாதி, வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிக் காணாமல் போகிறது. அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் அந்தப் பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். வழியெல்லாம் குடுவையின் தக்கை திரும்பத் திரும்பப் பிய்த்துக்கொண்டது. உள்ளே எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தவற்றில் ஒன்று புரொப்பேன். லேசாக அழுத்தினால் திரவமாகிவிடும். அழுத்தத்தை விட்டால் வாயுவாகி எரியும். 1913ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழாய் போகாத பண்ணை வீடுகளுக்குச் சிலிண்டரில் தீ போய்ச் சேர முடிந்தது அதனால்தான்.

நம் ஊர்ச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, பியூட்டேன்தான் அதிகம். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். திருநெல்வேலியில் அது ஒரு பொருட்டே இல்லை. சிகாகோவில் ஜனவரியில் மைனஸ் 20க்குப் போகும்போது அந்தச் சிலிண்டரைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் வராது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். பனிக்குள் கால் புதைய நின்றுகொண்டு நான் கோழி சுட்டிருக்கிறேன் என்றால் அந்த எண்தான் காரணம்.

புரொப்பேனுக்கு வாடை கிடையாது. சிலிண்டரைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டைக்கோஸ் வாடை, வேண்டுமென்றே சேர்க்கிற மெர்காப்டன். 1937 மார்ச் 18ம் தேதி டெக்சஸ் மாநிலம் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தின் தளத்துக்கு அடியில், கசிந்த இயற்கை வாயு ஒருவருக்கும் தெரியாமல் சேர்ந்து வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகக் கிட்டத்தட்ட 300 பேர் போய்விட்டார்கள். முன்கூட்டியே வாடை வந்திருந்தால் யாராவது ஒருவர் சன்னலைத் திறந்திருப்பார். அதன் பிறகுதான் டெக்சஸில் வாயுவுக்கு வாடை சேர்ப்பது சட்டமாயிற்று; மற்ற இடங்களும் பின்பற்றின. கிரில்லைப் பற்ற வைக்கும்போது வாடை வருகிறதே என்று சலித்துக்கொள்பவர்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

கொல்லைக்குச் சிலிண்டர் வந்தது அதற்கும் பிறகு. சிகாகோ கம்பஸ்ஷன் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம், உணவகங்களுக்குச் செய்துகொடுத்த கேஸ் அடுப்பை 1954ல் எங்கும் கொண்டுபோகக்கூடியதாக மாற்றி, 20 பவுண்ட் சிலிண்டரோடு இணைத்தது. அதுவரை அந்தச் சிலிண்டர் பிளம்பர்களிடமும் கிராமத்து வீடுகளிலும்தான் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில், ஒரு எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் வெப்ஃபரும் மெல்டன் லங்காஸ்டரும் வீட்டுக் கொல்லைக்கான கிரில்லை உருவாக்கினார்கள். கேஸ் நிறுவனக்காரர்களுக்கு ஏன் இந்த அக்கறை? குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வாயு ஓடும். கோடையில் விற்பனை படுத்துவிடும். கோடையில் வாயு எரிக்க ஒரு காரணம் வேண்டும். முதல் கிரில் யாருடையது என்ற வழக்கில் நான் இறங்க விரும்பவில்லை.

கம்பித்தட்டுக்குக் கீழே, பர்னருக்கு மேலே, கூரை போல மடித்த இரும்புத் தகடுகள். கழற்றியபோது இரண்டு தகடுகள் கையோடு உதிர்ந்து வந்தன. அந்த இடத்தில் முற்காலக் கிரில்களில் எரிமலைக் கல் பரப்பியிருப்பார்கள். நுண்துளை நிறைந்த கல், சூட்டைத் தாங்கும். அந்தத் துளைதான் அதன் கேடும். கோழியிலிருந்து சொட்டும் கொழுப்பைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் நிறைந்ததும் குப்பென்று பற்றும். மேலே இருப்பது வெளியே கரி, உள்ளே பச்சை. 1985ல் வெபர் நிறுவனம் ஜெனசிஸ் என்ற கிரில்லில் கல்லை எடுத்துவிட்டுக் கோணமாக மடித்த எஃகுத் தகடுகளை வைத்தது. சொட்டும் கொழுப்பில் ஒரு பகுதி தகட்டில் பட்டு அங்கேயே ஆவியாகிப் புகையாகும்; மிச்சம் சரிவில் வழிந்து கீழ்த்தட்டுக்குப் போய்விடும். பர்னரின் மேல் ஒரு சொட்டும் விழாது. இன்று விற்கும் பெரும்பாலான கிரில்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தத் தகடு உண்டு.

கேஸில் சுட்டால் ருசி இல்லை, கரிதான் ருசி என்பவர்கள் உண்டு. நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். கட்டையில் உள்ள லிக்னின் எரிந்து வருகிற புகை வாசம் கேஸில் வராது. அதில் விறகுக்கு நிகரே இல்லை. ஆனால் நாம் வாங்கும் கரியில் கட்டையின் வாசம் பெரும்பாலும் ஏற்கெனவே எரிந்து போயிருக்கும். நாம் கரி வாசம் என்று சொல்வதில் பெரும்பங்கு, சொட்டின கொழுப்பும் மசாலாவும் சூட்டில் பட்டு எழும்பும் புகை. அது கரிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அந்த மடித்த தகட்டிலும் நடக்கிறது. விறகு வாசம் வேண்டுமென்றால் ஆப்பிள் மரச் சீவலை அலுமினியத் தாளில் பொதிந்து, துளையிட்டு, பர்னர் தகட்டின் மேல் வைத்துவிடுவேன். பத்து நிமிடத்தில் புகை வரும்.

பர்னர் குழாய்களைக் கழற்றியபோது பழைய நினைவு ஒன்று திரும்பி வந்தது. இந்த வீட்டுக்கு முன்னால் நாங்கள் அப்பார்ட்மெண்டில் இருந்தோம். மரப் பால்கனியிலோ, எரியக்கூடிய சுவரிலிருந்து 10 அடிக்குள்ளோ கிரில் மூட்டக் கூடாது என்பது அங்கே தீயணைப்பு விதி. ஆசை இருந்தும் வாங்கவில்லை. தனி வீட்டுக்கு வந்த முதல் கோடையில் எதிர்வீட்டுப் பெரியவர் அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்தார். போகும்போது இந்தக் கிரில்லைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டார். "மூன்று விஷயம்" என்று விரலை மடக்கினார். "பற்ற வைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். சிலிண்டர் மாற்றினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். வசந்தத்தில் சிலந்தியைப் பார்க்க வேண்டும்." முதல் இரண்டையும் மனதில் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது புரியவில்லை.

மறு ஆண்டு மே மாதம் முதல் தடவை பற்ற வைத்தபோது ஒரு பர்னரின் சுடர் மஞ்சளாக, சோம்பிப்போய் எரிந்தது. ஐந்து நிமிடத்தில் அதன் திருகு கை வைக்க முடியாதபடி கொதித்தது. குனிந்து பார்த்தால் முன்பலகைக்குப் பின்னால் தீ. நல்லவேளை, சிலிண்டரின் வால்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; மூடிவிட்டேன். சூடு ஆறிய பிறகு குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே வெண்பஞ்சு போல் சிலந்திக் கூடு.

கேஸ் ஒரு சின்னத் துளை வழியாகப் பீறிட்டு வரும்போது பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. காற்றும் கேஸும் சரியாகக் கலந்தால் நீலச் சுடர். குழாய் அடைத்தால் கேஸ் முன்னே போக முடியாமல் வந்த வழியே திரும்பி, திருகின் பக்கம் எரியும். சில சிலந்திகளுக்கு இந்த எரிபொருள் வாடை பிடிக்கும் என்கிறார்கள். 2011ல் மாஸ்டா நிறுவனம் பெட்ரோல் தொட்டியின் காற்றுக் குழாயில் மஞ்சள் சிலந்தி கூடு கட்டுகிறது என்று ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப வரவழைத்தது. கிரில்லில் காற்று நுழையும் இடத்தில் இப்போது மெல்லிய வலை வைக்கிறார்கள். வலை இருந்தாலும் நான் வசந்தந்தோறும் நீளக் குழாய்த் தூரிகையை விட்டு இழுக்கிறேன். நீலச் சுடர், நுனியில் மட்டும் லேசான மஞ்சள்: அதைக் கண்ணால் பார்க்காமல் மூடியைச் சாத்துவதில்லை.

சிலிண்டரிலும் இப்படிப் பல பாடம் இருக்கிறது. அதன் வால்வுப் பிடி முக்கோணமாக இருந்தால் உள்ளே மிதவை ஒன்று இருக்கிறது என்று அடையாளம். சிலிண்டர் 80 சதவீதம் நிரம்பியதும் அது தானே அடைத்துக்கொள்ளும். திரவப் புரொப்பேன் வெயிலில் விரியும். விளிம்புவரை நிரப்பிய சிலிண்டரைக் காருக்குள் வைத்துக்கொண்டு போனால் விரிவதற்கு இடம் இருக்காது. 2002 ஏப்ரல் முதல் இந்த மிதவை இல்லாத பழைய சிலிண்டரை நிரப்பக் கூடாது என்று ஆகிவிட்டது. ஹோஸ் முனையில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் மரை தரமில்லாததாகத் தோன்றும். அதுவும் ஒரு காவல்தான். அருகே தீ பிடித்தால் அது உருகி இளகும். உடனே உள்ளிருக்கும் வால்வு சாத்திக்கொள்ளும்.

இன்னொரு காவலை, பழுது என்று நினைத்துப் பலர் ரெகுலேட்டரையே தூக்கி எறிகிறார்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் சாதாரண வெயில் நாளிலேயே சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல். கார் டயரில் 35தான். ரெகுலேட்டர் அதை அரைப் பவுண்டுக்கும் கீழே இறக்கித் தருகிறது. பர்னர் திருகு திறந்திருக்கும்போது சிலிண்டரைச் சட்டென்று திறந்தால், ஹோஸ் அறுந்துவிட்டது என்று எண்ணி இணைப்பு தன்னைத் தானே குறுக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு திருகினாலும் சுடர் பூனைக்குட்டி நாக்கு மாதிரிதான் வரும். எல்லாவற்றையும் மூடி, ஹோஸைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி மாட்டி, சிலிண்டரை மெல்ல மெல்லத் திறந்தால் பழைய வேகம் திரும்பிவிடும். இதை நான் நண்பர்கள் வீடுகளில் மூன்று தடவை செய்து காட்டியிருக்கிறேன்.

2014 கோடையில் அம்மா வந்திருந்தார். தாமிரபரணிக் கரைக் கிராமத்தில் நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். டெக்கின் கோடியில் நின்று என்னைக் கவனித்தார். நான் மூன்று பர்னரையும் முழுதாகத் திறந்து, கோழிக்காலை வரிசையாக அடுக்கியிருந்தேன். கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ எழும்ப, புரட்டுவதும் ஒதுக்குவதுமாக நான் பட்ட பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் கிட்டே வந்தார்.

"ஏலே, மூணு அடுப்பும் எதுக்கு எரியுது?"

"அப்பத்தானம்மா சீக்கிரம் வேகும்."

"வேகாதுலே, கருகும். ஒண்ண மட்டும் எரிய விடு. கோழியத் தூக்கி அந்தப் பக்கம் வச்சு மூடு. கொடியடுப்புல வைக்கது மாதிரில்லா? தீ இங்க இருக்கட்டும், சூடு அங்க போவட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. கொடியடுப்பு எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்ததுதான். விறகு எரிவது பெரிய அடுப்பில். பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு வாய். அதற்கு விறகு கிடையாது, உள்வழியாகப் பாயும் அனல் மட்டும்தான். குழம்பு சுண்டுவதும் பால் காய்வதும் அங்கேதான். கிரில்லோடு வந்த புத்தகம் மறைமுகச் சூடு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்ததை அம்மா ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். இரண்டு பர்னரை அணைத்தேன். கோழிக்கால்களை அணைந்த பக்கம் நகர்த்தி மூடியைச் சாத்தினேன். வெப்பமானி 190 டிகிரி செல்சியஸில் நின்றது. நாற்பது நிமிடம் திறக்கவே இல்லை. கடைசியில் தீயிருக்கும் பக்கம் கொண்டுவந்து, தோல் மொறுமொறுவென்று ஆக நாலு நிமிடம்.

கோழியின் உள்சூடு 74 டிகிரி தொட்டால் பயமில்லை. தொடைக் கறி அதைத் தாண்டி 80க்கு மேல் போனால்தான் எலும்பை விட்டுக் கழன்று வரும். இதற்கு ஒரு கறி வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இனிப்பு கலந்த சாஸ் தடவுவதானால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள். சர்க்கரை முதலில் கருகும். அம்மா சாஸைத் தொடவில்லை. தயிர், இஞ்சி பூண்டு, நிறைய மிளகு, நல்லெண்ணெய். அன்று இரவு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

மறுநாள் முதல் கிரில் அம்மா கைக்குப் போய்விட்டது. முழுக் கத்தரிக்காய்க்கு எண்ணெய் தடவி நேர்த் தீயில் போட்டு, தோல் கருகிச் சுருங்கும்வரை உருட்டி, கொத்சு வைத்தார். சோளக்கதிரை மடலோடு சுட்டார். கம்பித்தட்டில் அப்பளத்தை இடுக்கியால் பிடித்து அப்படி இப்படிப் புரட்டி நொடியில் எடுத்தார். தட்டில் ஒட்டியிருந்ததைச் சுரண்ட நான் கம்பி பிரஷ்ஷை எடுத்தபோது அது வேண்டாம் என்றார். கம்பி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார். அமெரிக்காவில் 2002 முதல் 2014 வரை அந்தப் பிரஷ் கம்பி தொண்டையிலோ வாயிலோ குத்தி அவசர சிகிச்சைக்குப் போனவர்கள் 1,600க்கு மேல் என்று பின்னால் ஓர் ஆய்வு மதிப்பிட்டதைப் படித்தேன். அம்மா இளஞ்சூட்டில் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் நார்தான்.

புரொப்பேனின் தீக்கு ஒரு குணம் உண்டு. எரியும்போது தண்ணீரையும் உண்டாக்கும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. மூடியைச் சாத்தி வைக்கும்போது உள்ளே அனலோடு ஈரமும் சுற்றுகிறது. கறி வறண்டு போகாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சமைத்து முடித்ததும் மூடியை மூடி அப்படியே விட்டுவிட்டால் அந்த ஈரமும் உப்பும் கொழுப்பும் சேர்ந்து இரும்பைத் தின்னும். எங்கள் கிரில் போனது அப்படித்தான். கீழ்த்தட்டைக் குளிர்காலத்துக்கு முன் சுரண்டாமல் விட்ட இரண்டு வருடங்கள் போதுமாக இருந்தன. அடிப்பெட்டியின் மூலையில் துரு கிளம்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டையாயிற்று. பர்னர், தகடு, கம்பித்தட்டு என்றால் மாற்றிவிடலாம், மாற்றியும் இருக்கிறேன். அடிப்பெட்டி போனால் மனது வைத்தாலும் வழியில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பழைய இரும்பு எடுப்பவர் வந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மூடி கடைசியாக ஏறியது.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். புதுக் கிரில்கள் வரிசையாகப் பளபளவென்று நின்றன. ஒவ்வொன்றின் அட்டையிலும் பெரிய எழுத்தில் பி.டி.யு. என்ற வெப்ப அலகுக் கணக்கு. 60,000 என்று போட்டிருந்தால் வாங்குபவருக்கு அது குதிரைத்திறன் போலத் தோன்றுகிறது. அந்த எண் அது எவ்வளவு கேஸ் குடிக்கும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதைச் சமைக்கும் தட்டின் பரப்பால் வகுக்க வேண்டும். 36,000 பி.டி.யு., 450 சதுர அங்குலம் என்றால் சதுர அங்குலத்துக்கு 80. 80 முதல் 100 வரை போதும். மூடி நன்றாகப் படியாமல் இடைவெளி விட்டால் அதற்கு மேலே எவ்வளவு இருந்தும் பயன் இல்லை. நான் ஒவ்வொரு கிரில்லின் மூடியையும் திறந்து மூடிப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். ஆடியதை விட்டு நகர்ந்தேன்.

சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டுபோயிருந்தேன். எஃகு என்று சொல்வதெல்லாம் ஒரே எஃகு இல்லை. 304 என்ற ரகம் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது, துருவை அதிகம் தாங்கும். 430 ஒட்டும், விலை குறைவு. அதற்காக ஒட்டுவதெல்லாம் மோசம் என்று தள்ளத் தேவையில்லை. எனாமல் பூசிய இரும்பு மூடி எங்களுக்குக் கடைசிவரை உழைத்தது. காசு போட வேண்டிய இடம் பர்னரும் அடிப்பெட்டியும்தான். வார்ப்பு அலுமினியத்தில் செய்த அடிப்பெட்டி துருப்பிடிக்காது. ஓட்டை விழுந்த பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வேறு எதிலும் கண் போகவில்லை.

பர்னர் இரண்டா, மூன்றா, ஐந்தா? நாலு பேர் வீட்டுக்கு மூன்று போதும் என்பது என் அனுபவம். இரண்டில் கொடியடுப்புக்கு இடம் குறுகிவிடும். ஐந்து வாங்கியவர்கள் வருடத்தில் நாலு நாள்தான் ஐந்தையும் பற்ற வைக்கிறார்கள். பக்க அடுப்பு, விளக்கு எரியும் திருகு இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்க நான் தயாராக இல்லை. எண்ணெய்த் தட்டு முன்பக்கமாக இழுக்க வருகிறதா, பத்து வருடம் கழித்து இந்த மாடலுக்குப் பர்னர் கிடைக்குமா என்று விற்பனையாளரைக் கேட்டேன். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்ன கடையில்தான் வாங்கினேன். வீட்டில் இயற்கை வாயுக் குழாய் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்குத் துளையின் அளவே வேறு. புரொப்பேன் கிரில்லைக் குழாயில் மாட்டினால் சுடர் எழும்பாது, மாற்றி மாட்டினால் ஆளுயரத் தீ.

மூன்று பர்னர், வார்ப்பு அலுமினியப் பெட்டி, கனத்த கம்பித்தட்டு. ஞாயிறு முழுக்கப் பூட்டினோம். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தினோம். பழைய சிலிண்டர் அங்கேயே காத்திருந்தது. குளியலறைத் தராசில் ஏற்றினேன்: 25 பவுண்ட். கழுத்தில் வெற்றுச் சிலிண்டரின் எடை 17 என்று பொறித்திருக்கிறது. மிச்சம் எட்டுப் பவுண்ட். மூன்று பர்னரும் முழுசாக எரிந்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கொடியடுப்புக் கணக்கில் இன்னும் நெடுநேரம்.

இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி வரவில்லை. மூடியைத் திறந்து வைத்து, சிலிண்டரை மெல்லத் திறந்து, முதல் திருகை அழுத்தினேன். டக், டக், பிறகு நீலம். தொழிற்சாலை எண்ணெய் எரிந்து போக இருபது நிமிடம் வெறுமனே எரிய விட்டேன். மகள் வீடியோ அழைப்பில் அம்மாவைப் பிடித்து, போனைக் கிரில்லுக்கு நேரே காட்டினாள். ஊரில் அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். அம்மா தூங்காமல்தான் இருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. கொடியடுப்பு எந்தப் பக்கம்லே?"

"வலது பக்கம் அம்மா."

"காத்து எங்கிருந்து அடிக்குன்னு பாத்துட்டுச் சொல்லு."

விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தேன். மேற்கிலிருந்து வந்தது. கிரில்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தோம்.